கான்பெரா குளிரில் மா, கொய்யா, வாழை வைத்தால் காய்க்குமா?

பாத்தோக்_தொட்டித்தோட்டம்:

வணக்கம். பொதுவாக இங்கே படித்துவிட்டு அமைதியாகப் போகிற ஆள் நான், இன்று ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். மகளுக்குக் கான்பெராவில் வேலை. அங்கே தரைவீடு ஒன்று வாங்கியிருக்கிறாள், பின்பக்கம் நல்ல அகலமான இடம், புல்லைத் தவிர ஒன்றும் கிடையாது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மனைவியோடு அங்கே போய்ச் சில வருடம் தங்குவதாகப் பேச்சு. சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக்கில் அடுக்குமாடி புளோக் தாழ்வாரத்தில், நடக்கிறவர்களுக்கு வழி விட்டு, நகர மன்றத்துக்குப் பயந்து பயந்து தொட்டி வைத்தே காலத்தை ஓட்டியவனுக்கு மண்ணில் மரம் நட இடம் கிடைக்கிறது என்றால் தூக்கம் வருமா?

ஆசை பெரிது. மா, கொய்யா, வாழை, பப்பாளி, ஜம்பு (தண்ணீர் ஆப்பிள்), முடிந்தால் ஒரு முருங்கை. மனைவிக்குக் கறிவேப்பிலை இல்லாவிட்டால் விமானமே ஏறமாட்டாள். மகள் சிரிக்கிறாள். "ஜூன், ஜூலையில் காலையில் காருக்கு மேலே ஐஸ் சுரண்டிட்டுத்தான் வேலைக்குப் போறேன், நீங்க மாமரம் பத்திப் பேசறீங்க" என்கிறாள். ஆனால் பகலில் பளிச்சென்று வெயில் அடிக்குமாம், 12, 13 டிகிரி வரை ஏறுமாம், வீட்டின் செங்கல் சுவர் ஒன்று, அங்கே வெயில் வருகிற வடக்குப் பக்கம் பார்த்து இருக்கிறதாம்.

என்னிடம் தொட்டியில் ஒரு மாங்கன்று இருக்கிறது, கொட்டை போட்டு வளர்த்தது, அதைக் கையோடு கொண்டுபோக முடியுமா? மேலே சொன்னவற்றில் எது தாங்கும், எது தாங்காது? கண்ணாடிக் குடில் கட்டினால் பிரயோஜனம் உண்டா? யூடியூபில் சுற்றிலும் பனி கொட்டிக் கிடக்க ஒரு ஆள் உள்ளே நின்று ஆரஞ்சு பறிக்கிறார், அதை நம்பலாமா? குளிர் நாட்டில் இருந்தவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள், மனம் நோகுமே என்று பார்க்க வேண்டாம்.

ஈசூன்_ராணி:

அண்ணே, கணவர் வேலையால் நாங்கள் கான்பெராவில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர்கள், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். முதலில் அந்த மாங்கன்றை மறந்துவிடுங்கள். ஆஸ்திரேலியாவுக்குள் செடி, விதை, மண் எதையும் நினைத்தபடி கொண்டுபோக முடியாது, முன்கூட்டியே இறக்குமதி அனுமதி, அப்புறம் அங்கே தனிமைப்படுத்தி வளர்ப்பது என்று பெரிய கதை, ஒரு கன்றுக்காக யாரும் அதைச் செய்யமாட்டார்கள். கறிவேப்பிலைக்கு இன்னும் கெடுபிடி. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் ஒரு நோய் இருக்கிறது, அதைப் பரப்புகிற சின்னப் பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருக்கும். நம் வட்டாரத்தில் நோயும் உண்டு பூச்சியும் உண்டு, அவர்களிடம் இரண்டும் இல்லை, அதனால்தான் அவ்வளவு கண்டிப்பு. விமான நிலையத்தில் அட்டையில் எழுதிக் கொடுக்காமல் ஒரு கொத்து இலை எடுத்துப் போனாலும் அபராதம் வரலாம். கவலை வேண்டாம், கறிவேப்பிலைக் கன்று அங்கேயே நர்சரிகளில் கிடைக்கிறது.

இப்போது குளிர். நாம் குளிர் என்று சொல்வதற்கும் அங்கே குளிர் என்பதற்கும் உள்ள தூரத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் இதுவரை பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலையே 19.4 டிகிரி, அதுவும் 1934 ஜனவரியில். கான்பெராவில் ஜூலை மாத இரவுகளின் சராசரியே பூஜ்யத்தை ஒட்டி நிற்கும், மைனஸ் 5 தொடுகிற இரவுகள் வந்துகொண்டேயிருக்கும், 1971 ஜூலையில் மைனஸ் 10 வரை போயிருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஐந்நூற்றைம்பது, அறுநூறு மீட்டர் உயரத்தில், கடலை விட்டுத் தள்ளி இருக்கிற ஊர் அது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரையின் சூடெல்லாம் நேராக வானத்துக்குப் போய்விடும், குளிர்ந்த காற்று கனமாகித் தோட்டத்தின் தாழ்வான மூலையில் தேங்கி நிற்கும். இலையின் மேற்பரப்பு சுற்றியுள்ள காற்றைவிட இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே குளிர்ந்துவிடும், அதனால் வானிலை அறிக்கையில் 1 டிகிரி என்று போட்டிருந்தாலும் இலைமேல் உறைபனி பிடித்திருக்கும்.

உறைபனி பட்ட மாங்கன்றை விடிகாலையில் பார்த்தால் முதலில் ஒன்றும் தெரியாது. இலை வழக்கத்தைவிடக் கரும்பச்சையாக, பளபளப்பாகக்கூட இருக்கும். வெயில் ஏற ஏறத் துவண்டு, வெந்நீரில் போட்டெடுத்த கீரை மாதிரி தொங்கும். மதியத்துக்குள் பழுப்பு, அடுத்தடுத்த நாளில் கறுப்பு. பார்த்ததும் கத்தரிக்கோலை எடுக்கத் தோன்றும், எடுக்கக் கூடாது. கருகின இலையும் குச்சியும் அடுத்த பனிக்கு உள்ளேயிருக்கிற உயிருள்ள பகுதிக்கு ஒரு போர்வை. நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சையாக ஈரமாக இருந்தால் அதுவரை உயிர் இருக்கிறது. நவம்பரில் புதுத் துளிர் எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். ஒட்டுக் கன்றாக இருந்து ஒட்டுக்குக் கீழே மட்டும் துளிர்த்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கின ரகம் போய்விட்டது, மிஞ்சியிருப்பது அடிக்கன்றுதான்.

மா விஷயத்தில் இன்னொன்று. இளம் மரம் மைனஸ் 1, 2க்கே போய்விடும், வளர்ந்த மரம் சில மணி நேரம் மைனஸ் 3, 4 வரை தாக்குப்பிடிக்கும். ஆனால் மரம் பிழைப்பது வேறு, காய்ப்பது வேறு. மாவுக்கு உண்மையில் கொஞ்சம் குளிர் பிடிக்கும், இரவு 15 டிகிரிக்குக் கீழே சில வாரம் இறங்கினால்தான் ஒழுங்காகப் பூக்கும். இங்கே நம் சாலையோர மாமரங்கள் அப்படிக் குளிரே பார்க்காமல், ஒரு வறட்சி வந்துபோனபின் நினைத்த நேரத்தில் பூக்கின்றனவே, அதனால்தான். (அதில் கை வைத்தாலும் அபராதம், அது வேறு கதை.) கான்பெராவில் பூ தாராளமாக வரும், ஆனால் வசந்தத்துக் குளிரில் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, ஈ, பூச்சி நடமாட்டமும் இருக்காது, பூங்கொத்து முழுசாகக் கறுத்து உதிரும். என் எதிர்வீட்டுக்காரர் மரத்தைப் போர்த்திப் போர்த்திக் காப்பாற்றினார், வருடாவருடம் பூ பார்த்தார், காய் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

சரி, கொய்யா. நம் பெரிய கொய்யா அந்த வடக்குச் சுவரை ஒட்டி வைத்தால் பிழைக்க வழியுண்டு, உறுதியில்லை. அதைவிடச் சின்னதாக, சிவப்பாக, மிட்டாய் அளவில் காய்க்கிற செர்ரிக் கொய்யா வையுங்கள், அது மைனஸ் 5 பக்கம் வரை தாங்கும், புளிப்பும் இனிப்புமாக நன்றாகவே இருக்கும். ஜம்பு வேண்டாம், அது சுத்தமாகக் குளிர் தாங்காது. அதே குடும்பத்தில் ஆஸ்திரேலியாவின் சொந்தச் செடி ஒன்று, லில்லி பில்லி என்பார்கள், வேலியாகவே வைக்கிறார்கள், பழம் ஜாம் போட ஆகும். பப்பாளியைக் கொல்வது குளிரைவிடக் குளிர்ந்த ஈர மண்தான், வேர் அழுகிவிடும். பப்பாளி ஆசை தீரவேண்டுமென்றால் பபாக்கோ என்று எக்குவடோர் மலைப்பகுதியிலிருந்து வந்த அதன் உறவு ஒன்று கிடைக்கும், விதையே இருக்காது, இனிப்பு குறைவு, லேசான பனியைத் தாங்கும்.

முருங்கை தரைவரை கருகும். வேர்மேல் வைக்கோல் கனமாகப் போட்டிருந்தால் வசந்தத்தில் மறுபடி வரும். கீரை கிடைக்கும், சாம்பாருக்குக் காயை எதிர்பார்க்காதீர்கள்.

ஜூரோங்_சூடுகணக்கு:

ராணி அக்கா சொன்னதற்கு மேலே செடியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் குளிரூட்டி வேலை பார்க்கிறவன், அதனால் குடில் கேள்விக்கு மட்டும் வருகிறேன். நாம் இங்கே கரையோரப் பூந்தோட்டத்தில் ஃபிளவர் டோம் என்ற கண்ணாடிக் கூடம் கட்டி, உள்ளே 23, 25 டிகிரிக்குக் குளிர வைத்து ஒலிவ மரம் வளர்க்கிறோம். நீங்கள் அதையே தலைகீழாகச் செய்யப் போகிறீர்கள், கண்ணாடிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான் வித்தியாசம், செலவு வருகிற வழி ஒன்றுதான்.

ஒரு சின்னக் கணக்கு. 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரத்தில் ஒரு குடில் என்று வைத்துக்கொள்வோம். சுவரும் கூரையுமாகச் சுமார் 26 சதுர மீட்டர் பரப்பு. ஒற்றைக் கண்ணாடியோ ஒற்றை பிளாஸ்டிக்கோ போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 6 வாட் வெளியே போகும். வெளியே மைனஸ் 5, உள்ளே 3 டிகிரி வேண்டும் என்றால் 8 டிகிரி வித்தியாசம், ஆக 1,250 வாட். அதாவது ஒரு சிறிய ஹீட்டர் இரவு முழுக்க நிற்காமல் ஓட வேண்டும், பத்து மணி நேரத்துக்குப் பன்னிரண்டரை யூனிட், தினமும், மூன்று மாதம். உங்கள் மகள் மின்கட்டணத்தைப் பார்த்துவிட்டு உங்களை சாங்கி விமான நிலையத்துக்கே திருப்பி அனுப்புவாள். அதுவே இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் தகடு போட்டால் இழப்பு பாதியாகும். பொட்டலம் கட்டுகிற குமிழ் பிளாஸ்டிக் இருக்கிறதே, அதை உள்பக்கம் ஒட்டினாலும் நல்ல பலன் உண்டு.

அப்புறம் தண்ணீர். 200 லிட்டர் டிரம் ஒன்றில் தண்ணீர் நிரப்பிக் கறுப்புச் சாயம் அடித்து உள்ளே வைத்தால் பகல் வெயிலில் சூடேறும். இரவில் அது 10 டிகிரி இறங்கினால் கிட்டத்தட்ட 2.3 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூட்டை இலவசமாக விடும். அப்படி ஐந்து டிரம் இருந்தால் பதினொன்றரை யூனிட், தாளில் பார்த்தால் ஹீட்டரே வேண்டாம் போலிருக்கும். ஆனால் ஒரு டிரம் 60 சென்டிமீட்டர் அகலம், ஐந்தை வரிசையாக நிறுத்தினால் 3 மீட்டர் சுவர் முழுக்க டிரம்தான், செடிக்கு மிச்ச இடம்தான். தொடர்ந்து மூன்று நாள் மேகம் மூடினால் டிரமும் குளிர்ந்து போய்விடும், அந்த நாளுக்காக ஒரு சின்ன ஹீட்டர் தெர்மோஸ்டாட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும். டிரம் எல்லாம் தெற்குப் பக்கச் சுவரில், வெயில் வடக்கிலிருந்து நேராக மேலே படும்படி.

யூடியூப் ஆள் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒருவர் குடிலின் தரையைக் குழியாகத் தோண்டி, இன்னும் ஆழத்தில் குழாய் புதைத்து, மண்ணுக்குள் இருக்கிற 10, 11 டிகிரிக் காற்றை உள்ளே சுற்றவிட்டு எலுமிச்சையும் ஆரஞ்சும் எடுக்கிறார். பழைய சோவியத் நாட்டில்கூட எலுமிச்சையை நீளமான பள்ளத்துக்குள் நட்டு, குளிர்காலத்தில் மேலே கண்ணாடியும் பாயும் மூடி வளர்த்தார்கள். ஜப்பானில் ஹொக்கைடோவில் ஒத்தோஃபுகே என்ற ஊரில் இன்னும் விசேஷம், குளிர்காலத்தில் சேமித்து வைத்த பனியால் கோடையில் மாமரத்தின் வேரைக் குளிரவைத்து, குளிர்காலத்தில் வெந்நீர் ஊற்றின் சூட்டைக் குடிலுக்குள் விட்டு, டிசம்பரில் மாம்பழம் பறிக்கிறார்கள். பழம் என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்தால் ஏன் அவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்பது புரியும். ஒன்றைக் கவனியுங்கள், நெப்ராஸ்காவிலும் சோவியத்திலும் எலுமிச்சை வகைதான், மா இல்லை. எலுமிச்சை வகைக்குப் பூஜ்யத்துக்கு மேலே நின்றால் போதும், மாவுக்குக் காய் பிடிக்கிற நேரத்தில் அதைவிட நிறைய வேண்டும்.

பாத்தோக்_தொட்டித்தோட்டம்:

ராணி, தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. மனைவியிடம் படித்துக் காட்டினேன், கறிவேப்பிலை அங்கேயே கிடைக்கும் என்ற இடத்தில் மட்டும் தலை ஆட்டினாள். வாழையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? இலைக்காவது ஆகுமா? தரையில் நடாமல் எல்லாவற்றையும் தொட்டியிலேயே வைத்து, குளிர் வந்ததும் வீட்டுக்குள் தூக்கிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது இல்லையா?

செங்காங்_லிமாவ்:

அங்கிள், தொட்டி முறையில் நான் டொரோண்டோவில் இருந்தபோது வளர்த்திருக்கிறேன், அங்கே குளிர் மைனஸ் 20 வரைகூடப் போகும், வெளியே வைக்கிற பேச்சே கிடையாது. முடியும், ஆனால் பிரச்சினை தீராது, வேறு பிரச்சினை வரும். வீட்டுக்குள் குளிர் இல்லை, வெளிச்சமும் இல்லை. ஜன்னல் ஓரம் நமக்கு வெளிச்சமாகத் தெரியும், மரத்துக்கு அது பட்டினி. ஹீட்டர் ஓடுகிற வீட்டில் காற்று வறண்டு நம் உதடே வெடிக்கும், சிவப்புச் சிலந்தி என்கிற கண்ணுக்கு எளிதில் தெரியாத பூச்சிக்கு அது கொண்டாட்டம். இலையின் அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினால் மிளகாய்த்தூள் சிந்தியதுபோல் புள்ளிகள் விழுந்து நகரும், அதுதான் அது. மாவுப்பூச்சி, செதில்பூச்சியும் வரும். உள்ளே எடுக்கும் முன்பே தோட்டத்தில் வைத்து இலையின் மேலும் கீழும் சோப்புத் தண்ணீரால் கழுவிவிடுவது நல்லது, வீட்டுக்குள் வந்தபின் விரட்டுவது பெரும்பாடு.

வெளிச்சத்துக்கு எல்இடி விளக்கு, டைமர் போட்டுத் தினம் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம். தண்ணீர் விஷயத்தில் இங்கே உள்ள பழக்கத்தை அப்படியே மறக்க வேண்டும். தினம் காலையில் ஒரு குவளை ஊற்றுகிற நம் வழக்கம் குளிர்காலத்தில் மரத்தைக் கொன்றுவிடும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள், அதுவும் குழாயிலிருந்து பிடித்த சில்லிட்ட தண்ணீர் வேண்டாம். எலுமிச்சை வகைக்கு வேர் 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் தண்ணீர் உறிஞ்சுவது கிட்டத்தட்ட நின்றுவிடும், மேலே இலையில் வெயில் பட்டால் அது தாகத்தில் இலையை மொத்தமாக உதிர்த்துவிடும். ஆகையால் தொட்டியைக் குளிர்ந்த தரை ஓட்டின் மேல் நேராக வைக்காமல் ஒரு மரப்பலகை மேல் வையுங்கள்.

எந்த மரம் என்று கேட்டால் என் ஓட்டு நம்ம லிமாவ் கஸ்தூரி என்கிற குட்டி எலுமிச்சைக்குத்தான். தொட்டியிலேயே திருப்தியாக இருக்கும், வீட்டுக்குள் பூத்தால் வாசனையில் மனசு நிறையும், தானாகவே காய் பிடிக்கும், வேண்டுமானால் ஒரு சின்னத் தூரிகையால் பூக்களைத் தொட்டுவிடலாம். கான்பெரா குளிருக்கு அதை வீட்டுக்குள் எடுக்கக்கூட வேண்டாம், கூரை நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில், சுவர் ஓரமாகத் தள்ளினால் போதும் என்று நினைக்கிறேன். மேயர் எலுமிச்சை, கும்குவாட் எல்லாம் மைனஸ் 5ஐத் தாங்கக் கூடியவை, ஜப்பானிய யூசு அதற்கும் கீழே போகும். ரசத்துக்கும் மீ கோரேங்குக்கும் பிழிய அது போதாதா?

கறிவேப்பிலை 10 டிகிரிக்குக் கீழே இலை கொட்டி மொட்டையாக நிற்கும். செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். தண்ணீரை வெகுவாகக் குறைத்து வீட்டுக்குள் ஒரு ஓரத்தில் விட்டுவைத்தால் வசந்தத்தில் தளிர்க்கும். மனைவியாருக்காக ஒன்று தொட்டியில், ஒன்று சுவரோரம் என்று இரண்டு வையுங்கள், இலையைக் கோடையிலேயே பறித்து உறைபெட்டியில் போட்டுவைத்துவிட்டால் குளிர்காலம் ஓடிவிடும்.

அப்புறம் எடை. 50 லிட்டர் தொட்டி ஈர மண்ணோடு 50 கிலோவுக்குக் குறையாது. சக்கரப் பலகை இல்லாமல் தொடாதீர்கள் அங்கிள், இடுப்பு போய்விடும். வசந்தத்தில் வெளியே எடுக்கும்போதும் நேராக வெயிலில் வைத்தால் இலை வெந்து வெள்ளையாகிவிடும், ஒரு வாரம் நிழல், அப்புறம் காலை வெயில் மட்டும், அதன்பிறகுதான் முழு வெயில்.

தோபாயோ_பெரியவர்:

தம்பி, எல்லாரும் உனக்கு எப்படிச் செய்வது என்று சொல்கிறார்கள், நான் எதற்குச் செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். மாம்பழம் வேண்டுமென்றால் அங்கே கடையில் குவீன்ஸ்லாந்து மாம்பழம் கோடை முழுக்கப் பெட்டி பெட்டியாக வரும், கென்சிங்டன் பிரைட் என்று ஒரு ரகம், வாசனை பிரமாதம். அந்த ஊர்க்காரன் மரத்தில் பழுத்ததை அனுப்பும்போது நீ ஏன் இரவில் எழுந்து மரத்துக்குப் போர்வை போர்த்த வேண்டும்?

நம் ஊரில் எத்தனை வசதி இருந்தாலும் வைக்க முடியாத மரங்கள் சில உண்டு. ஒரு குளிர்காலம் தூங்கி எழுந்தால்தான் அவை பூக்கும். பெர்சிமன் அப்படித்தான். இங்கே பேரங்காடியில் ஒவ்வொன்றாக நுரை வலை போட்டு விற்கிறார்களே அந்தப் பழம், கான்பெராவில் இலையெல்லாம் கொட்டியபிறகு வெறும் மரத்தில் ஆரஞ்சு விளக்கு மாட்டியதுபோல் தொங்கும். ஃபூயூ ரகம் வாங்கு, கெட்டியாக இருக்கும்போதே சாப்பிடலாம், துவர்க்காது. மாதுளை வை, அத்தி வை. ஃபெய்ஜோவா என்று கொய்யாவின் உறவு, மைனஸ் 9 வரை கவலையில்லை, நியூசிலாந்துக்காரர்களுக்கு அது உயிர், அன்னாசியும் கொய்யாவும் கலந்த வாசம். பழுத்ததும் தானே கீழே விழும், குனிந்து பொறுக்கினால் போதும், ஏணி வேண்டாம், நம் வயதுக்கு ஏற்ற மரம்.

இன்னொன்று கேள். அமெரிக்காவின் குளிர்ப் பகுதியில் காட்டிலேயே விளைகிற ஒரு பழம், பாபா என்பார்கள். சீத்தாப்பழக் குடும்பம்! அந்தக் குடும்பமே வெப்பநாட்டுக் குடும்பம், இது மட்டும் வடக்கே போய்க் குளிரோடு பழகிக்கொண்டது, மைனஸ் 25ஐயும் தாங்கும். சதை மஞ்சளாக, கரண்டியால் எடுத்துச் சாப்பிடுகிற பதத்தில், வாழைப்பழமும் மாம்பழமும் சேர்ந்த ருசி. இரண்டு வெவ்வேறு மரம் பக்கத்தில் இருந்தால்தான் காய்க்கும், பூவில் அழுகின நாற்றம் லேசாக வரும், ஈயும் வண்டும்தான் அதற்கு மகரந்தம் சேர்க்கும். பழுத்தால் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் கடையில் கிடைக்கவே கிடைக்காது, வீட்டில் மரம் இருந்தால்தான் சாப்பிட முடியும். அதை வளர்த்தாலாவது பெருமை.

ஈசூன்_ராணி:

பெரியவர் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். பெர்சிமனும் ஃபெய்ஜோவாவும் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். ஆனால் குளிர்ப்பழ மரம்தான் பாதுகாப்பு என்று இருந்துவிடவும் முடியாது. லொக்காட் மரம் மைனஸ் 10ஐத் தாங்கும், பூப்பதோ இலையுதிர் காலத்தில், பிஞ்சு இருப்பது நடுக்குளிரில், மைனஸ் 3, 4 வந்தால் மரம் ஜம்மென்று நிற்கும், பிஞ்செல்லாம் உள்ளே கறுத்துவிடும். அதனால் நர்சரியில் அட்டையில் போட்டிருக்கிற எண் மரத்துக்கா, பூவுக்கா என்று கேட்டு வாங்குங்கள் அண்ணே.

வாழை கேட்டீர்களே. இலைக்கு என்றால் தாராளமாக வையுங்கள், கோடையில் நான்கு மாதம் விருந்துக்குக் குறையிருக்காது. 14 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி நிற்கும், முதல் உறைபனியில் இலை கிழிந்த காகிதமாகிவிடும். கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு இருந்து வசந்தத்தில் பக்கக்கன்று விடும். சிக்கல் என்னவென்றால் வாழை குலை தள்ள நீண்ட வெப்பகாலம் வேண்டும். தண்டு ஒவ்வொரு வருடமும் தரைவரை செத்தால் ஒவ்வொரு வருடமும் முதலிலிருந்து ஆரம்பிக்கும், குலைக்கு நேரமே வராது. தண்டைக் காப்பாற்றினால்தான் குலை. அதற்கு மே மாதத்தில் இலையை எல்லாம் கழித்துவிட்டு, தண்டைச் சுற்றிக் கோழிக்கூட்டுக் கம்பிவலையை உருளையாக நிறுத்தி, உள்ளே வைக்கோலை அழுத்தித் திணித்து, உச்சியில் மழை இறங்காதபடி ஒரு வாளியைக் கவிழ்த்துவிட வேண்டும். மழை உள்ளே இறங்கினால் குளிர் விட்டதை அழுகல் முடித்துவிடும். ரகம் குட்டைக் கேவண்டிஷ் கேளுங்கள். குளிர் தாங்கும் வாழை என்று ஜப்பானிய வாழை ஒன்றை விற்பார்கள், வாங்காதீர்கள், அழகுக்குத்தான், பழம் முழுக்க விதை.

போர்த்துவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் தலையில் மட்டும் முண்டாசு கட்டிவிட்டுப் போகிறார்கள். துணி தரைவரை வந்து தரையைத் தொட வேண்டும், ஏனென்றால் காப்பாற்றுவது துணி இல்லை, மண்ணிலிருந்து எழும் சூடு. பிளாஸ்டிக் இலையில் பட்டால் பட்ட இடமெல்லாம் கருகும், மூன்று குச்சி நட்டு அதன்மேல் போடுங்கள். அன்று பகலிலேயே மண்ணுக்குத் தண்ணீர் விட்டுவிட்டால் ஈர மண் கூடுதல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். காலையில் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். முன்பெல்லாம் கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்தைப் போர்வைக்குள் விடுவார்கள், பழைய குண்டு பல்பு சூடு தந்தது, இப்போது வருகிற எல்இடி சரத்தில் சூடே கிடையாது, வெளிச்சம் மட்டும்தான்.

எந்த மாதம் போகிறீர்கள்?

பாத்தோக்_தொட்டித்தோட்டம்:

ஜூன் கடைசி என்று நினைத்திருக்கிறோம், பேத்திக்குப் பள்ளி விடுமுறை வரும் சமயம். போனதும் குழி தோண்ட ஆரம்பித்துவிடலாமா?

ஈசூன்_ராணி:

ஐயோ, குளிர் தாங்காத எதையும் அப்போது நடாதீர்கள்! இலை கொட்டி நிற்கிற மரங்களை, அதாவது பெர்சிமன், மாதுளை, அத்தி இவற்றை ஜூலையில் தூங்குகிற நிலையிலேயே நடலாம், அதுதான் அவற்றுக்குச் சரியான நேரம். கொய்யா, எலுமிச்சை, வாழை எல்லாம் நவம்பருக்கு அப்புறம். கான்பெராக்காரர்கள் தக்காளியையே மெல்பர்ன் கப் குதிரைப் பந்தயம் முடிந்தபிறகுதான் நடுவார்கள், அது நவம்பர் முதல் செவ்வாய். அதுவரை உறைபனி திரும்பி வரும்.

முதல் குளிர்காலத்தில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆகக் குறைந்த, ஆகக் கூடிய வெப்பநிலை இரண்டையும் பதிவுசெய்கிற தெர்மாமீட்டர் இரண்டு மூன்று வாங்குங்கள். ஒன்றை வடக்குச் சுவரோரம், ஒன்றைக் கூரை நிழலில், ஒன்றைத் தோட்டத்தின் தாழ்வான மூலையில், முழங்கால் உயரத்தில் கட்டிவிடுங்கள், வெயில் நேராகப் படாமல். காலையில் காப்பியைக் குடித்துவிட்டு எண்ணைக் குறித்துவைத்தால் போதும். ஒரே தோட்டத்தில் மூலைக்கு மூலை 3, 4 டிகிரி வித்தியாசம் வரும், அந்த வித்தியாசம்தான் கொய்யா எங்கே, பெர்சிமன் எங்கே என்று சொல்லும். ஜூனில் சூரியன் நண்பகலிலேயே வடக்கே 31 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், வேலியின் நிழல் எவ்வளவு தூரம் விழுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், தலைக்கு மேலே சூரியனைப் பார்த்துப் பழகின நமக்கு அது கணக்கிலேயே வராது.

பாத்தோக்_தொட்டித்தோட்டம்:

மகளிடம் பேசிவிட்டேன். தெர்மாமீட்டரை அவளே இப்போதே வாங்கிக் கட்டுகிறாளாம். மாவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். வாழை இலைக்கு ஒன்று, லிமாவ் ஒன்று, செர்ரிக் கொய்யா, பெர்சிமன், பெரியவர் சொன்ன பாபா இரண்டு, கறிவேப்பிலை இரண்டு. வடக்குச் சுவருக்குத்தான் இப்போது சண்டை. துணி காயப்போடும் கம்பி அங்கேதான் இருக்கிறதாம், குளிர்காலத்தில் வேறு எங்கே போட்டாலும் மூன்று நாளானாலும் காயாதாம், அதை நகர்த்தக் கூடாது என்று மருமகன் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஜூரோங்_சூடுகணக்கு:

ஈரத் துணியை வைக்கோல் திணித்த வாழைக்குப் பக்கத்தில் மட்டும் போடாதீர்கள் அங்கிள். கம்பியை ஒரு மீட்டர் முன்னால் இழுத்தால் சுவருக்கும் துணிக்கும் நடுவே கொய்யா நிற்கும், ஆனால் பகலெல்லாம் போர்வையும் படுக்கை விரிப்பும் நிழலடிக்கும். சுவரின் நீளம் எவ்வளவு என்று கேட்டுச் சொல்லுங்கள், வரைந்து பார்க்கிறேன்.